காத்திருப்பின் விலை: ஈரோட்டு மஞ்சளை முன்வைத்து

காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவர்கள் நாளிதழின் ஈரோட்டுப் பக்கத்தைப் பிரித்தால் முதலில் கண் போகும் இடம் மஞ்சள் விலை நிலவரம்தான். ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், ஈரோடு கூட்டுறவுச் சங்கம், கோபி கூட்டுறவுச் சங்கம் என்று நான்கு இடங்களின் பெயர்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் விரலி மஞ்சள் குவிண்டால் இவ்வளவு முதல் இவ்வளவு வரை, கிழங்கு மஞ்சள் இவ்வளவு முதல் இவ்வளவு வரை என்று விலையைச் சொல்லிவிட்டு, எத்தனை மூட்டை வந்தது, அதில் எத்தனை விற்றது என்ற கணக்கோடு செய்தி முடியும். நான் கவனிப்பது அந்தக் கடைசிக் கணக்கைத்தான். வந்ததும் விற்றதும் ஒன்றாக இருக்கும் நாள் குறைவு. விலை பிடிக்காதவர் மூட்டையை விற்காமல் குடோனிலேயே விட்டுவிட்டு ஊர் திரும்பலாம். தக்காளி கொண்டுவந்தவருக்கு இந்த வசதி கிடையாது.

"வெலை வரட்டும் கண்ணு, மஞ்சள் என்ன தக்காளியா, நாளைக்கே அழுகிப் போறதுக்கு?" என்பார் என் மாமா. எங்கள் பக்கத்தில் இப்படிச் சொல்லாத மஞ்சள் விவசாயி இருக்க மாட்டார். அழுகாத சரக்கை விளைவிக்கிறவருக்கு விலை பேசுவதில் கை ஓங்கியிருக்க வேண்டும் என்பது கேட்டவுடன் சரியென்று படுகிற வாதம். ஆனால் கடந்த பதினைந்து ஆண்டு மஞ்சள் விலையை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அழுகாத சரக்கு விவசாயியை அவர் கேட்காமலேயே வியாபாரியாக்கிவிடுகிறது. வியாபாரத்துக்கு வேண்டிய முதலும் தகவலுமோ அவர் கையில் இருப்பதில்லை.

முதலில் பயிரின் கால அளவைப் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆடி வரை நடுவார்கள்; ஊடுபயிராகச் சின்ன வெங்காயமும் வரப்போரத்தில் ஆமணக்கும் இருக்கும். ஏக்கருக்கு ஏழெட்டுக் குவிண்டால் விதை மஞ்சள் வேண்டும் என்பதால் நடவின்போதே கணிசமான பணம் மண்ணுக்குள் போய்விடுகிறது. தை, மாசியில் வெட்டு. வெட்டிய பச்சை மஞ்சளை நீராவியில் வேகவைத்து, களத்தில் பரப்பிக் காயவைத்து, பாலிஷ் போட்டு மூட்டை பிடிக்கும்போது, ஐந்து பங்கு பச்சை மஞ்சள் ஒரு பங்கு காய்ந்த மஞ்சளாகச் சுருங்கியிருக்கும். ஆகப் பங்குனியில் சந்தையில் நிலவுகிற விலையைப் பார்த்துச் சித்திரையில் நடுகிறவருடைய மஞ்சள், அடுத்த பங்குனியில்தான் சந்தைக்கு வருகிறது. அதே விலையைப் பார்த்து தெலங்கானாவின் நிஜாமாபாத்திலும் மகாராஷ்டிரத்தின் சாங்லியிலும் ஹிங்கோலியிலும் கர்நாடகத்தின் சாமராஜ்நகரிலும் எத்தனை பேர் நட்டார்கள் என்பது நட்ட நாளில் அவருக்குத் தெரியாது. நேற்றைய விலை நாளைய விளைச்சலைத் தீர்மானிக்க, அந்த விளைச்சல் அதற்கடுத்த விலையைக் கவிழ்க்கிற இந்தச் சுழலுக்கு, அதன் வரைபடம் போகிற போக்கைப் பார்த்து நிக்கோலஸ் கால்டோர் என்ற பொருளியலாளர் 1934இல் சிலந்திவலை என்று பெயர் வைத்தார்.

அந்தச் சுழலை ஈரோட்டில் கண்கூடாகக் கண்ட காலம் 2010 முதல் 2012 வரையிலான மூன்று ஆண்டுகள். 2009இல் பருவமழை பொய்த்து, கையிருப்பும் கரைந்திருந்த நிலையில், 2010இல் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. அதற்கு முன் மஞ்சளே நடாதவர்களும் கரும்பை அழித்துவிட்டு மஞ்சளுக்கு மாறினார்கள். நாட்டில் சுமார் 1.8 லட்சம் எக்டேராக இருந்த மஞ்சள் பரப்பு இரண்டே ஆண்டுகளில் 2.2 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. 2012இன் தொடக்கத்தில் புது மஞ்சள் வரத்து தொடங்கியபோது விலை நான்காயிரத்தை ஒட்டிக் கிடந்தது. வெட்டுக்கூலியும் வேகவைக்கும் கூலியும் போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டவர்கள், வெட்டாமலே விட்டுவிடலாமா என்று பேசிக்கொண்ட காலம் அது.

தக்காளியாக இருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். மிகுதியாக விளைந்தது சாலையோரத்தில் கொட்டப்பட்டு அழுகியிருக்கும், அந்தப் பருவத்து நட்டம் அந்தப் பருவத்தோடு போயிருக்கும், சில மாதங்களில் விலை திரும்பியிருக்கும். மஞ்சள் அழியவில்லை. 2012இல் நான்காயிரத்துக்கு விற்க மனமில்லாதவர்கள் எல்லோரும் மூட்டையைக் குடோனில் அடுக்கினார்கள். அடுத்த ஆண்டு விளைச்சல் குறைந்து விலை சற்றே ஏறத் தொடங்கியதும், இதற்காகவே காத்திருந்த பழைய மஞ்சள் வெளியே வந்து, ஏறிய விலையை இறக்கிவிட்டது. ஒவ்வொரு சிறு ஏற்றத்திலும் இதுவே நடந்தது. அதன்பிறகு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஈரோட்டில் மஞ்சள் பத்தாயிரத்தைத் தொடுவதே அரிதாக இருந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு; என்றாலும், தனித்தனியே பார்த்தால் புத்திசாலித்தனமான ஒரு முடிவை ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் எடுத்தது அவற்றில் முக்கியமானது என்று நினைக்கிறேன். இருப்பு வைக்க முடிகிற பயிரில் விலைச்சரிவு ஆழம் குறைந்ததாகவும் நீளம் மிகுந்ததாகவும் இருக்கும்.

மாற்றம் 2023இல் வந்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதி வரை ஏழாயிரம் அளவில் இருந்த விலை ஆகஸ்ட்டுக்குள் இரட்டிப்பானது. 2024இன் முற்பாதியில் இருபதாயிரத்தைத் தொட்டது. இதற்கு எவ்வளவு விளைச்சல் குறைந்திருக்கும் என்று யாரிடமாவது கேட்டால், பாதியாவது குறைந்திருக்கும் என்றுதான் ஊகிப்பார்கள். அரசின் கணக்குப்படி 2022–23இல் 3.24 லட்சம் எக்டேரில் 11.61 லட்சம் டன் விளைந்தது, 2023–24இல் 3.05 லட்சம் எக்டேரில் 10.74 லட்சம் டன். வித்தியாசம் நூற்றுக்கு எட்டுக்கும் கீழே. எட்டு விழுக்காடுகூட இல்லாத ஒரு குறைவு, விலையை இரண்டு மடங்குக்கு மேல் தூக்கிவிட்டது.

காரணம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. மஞ்சள்தூள் விலை இரட்டித்துவிட்டது என்பதற்காகச் சாம்பாரில் அரை சிட்டிகை குறைத்துப் போடுபவர் எவருமில்லை. விலை பாதியாகிவிட்டது என்பதற்காக இரண்டு கரண்டி போடுபவரும் இல்லை. ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் அதன் பங்கு எண்ணிப் பார்க்கும் அளவுக்குக்கூட வராது. வாங்குகிறவர் விலைக்கு அசையாதபோது, வரத்தில் ஏற்படும் சிறு ஏற்றத்தாழ்வைக்கூட விலைதான் முழுதாகச் சுமக்க வேண்டியிருக்கிறது. உலக மஞ்சள் விளைச்சலில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் இந்தியாவிலேயே நடப்பதால், இங்கே மழை தவறினால் ஈடுகட்ட வெளியே பெரிய வரத்தும் கிடையாது. 2023இன் ஆகஸ்ட் மாதம் 1901க்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அது வெறும் வரத்துக் கணக்கை மட்டும் மாற்றவில்லை, இருப்பு வைத்திருந்தவர்களின் எதிர்பார்ப்பையும் மாற்றியது. விற்கலாம் என்று நினைத்திருந்தவர்களும் கதவைப் பூட்டினார்கள்.

அந்த ஏற்றத்தில் யாருக்கு என்ன கிடைத்தது என்பதுதான் எங்கள் ஊரில் இன்றும் ஓயாத பேச்சு. பத்தாண்டுக் காலம் மூட்டையை வைத்துப் பார்த்துச் சலித்தவர்களில் பலர், 2022இலும் 2023இன் தொடக்கத்திலும் கிடைத்த விலைக்கு விற்றுத் தீர்த்துவிட்டு மரவள்ளிக்கும் வாழைக்கும் போயிருந்தார்கள். விலை உச்சத்துக்குப் போனபோது குடோனில் சரக்கு வைத்திருந்தவர்கள் சொந்தப் பணத்தில் காத்திருக்க முடிந்த பெரிய விவசாயிகளும் வியாபாரிகளும்தான். இதில் சூழ்ச்சி எதுவும் இருந்ததாக நான் சொல்லவில்லை. அதற்குத் தேவையும் இல்லை, வட்டிக் கணக்கே போதும்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குவிண்டால் ஏழாயிரம் விற்கும் நாளில் ஒருவர் விற்காமல் இருப்பு வைக்கிறார். வேறு செலவுக்காக அதே ஏழாயிரத்தை நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்குகிறார். இரண்டு ஆண்டில் வட்டி மட்டும் 3,360 ரூபாய். காய்ந்து சுருங்கியும் வண்டு துளைத்தும் எடையில் மூன்று விழுக்காடு போனதாக வைத்துக்கொண்டால், குடோன் வாடகையைச் சேர்க்காமலே, அவருக்கு முதல் தேற வேண்டுமானால் குவிண்டால் சுமார் 10,700க்கு விற்க வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரருக்கு வங்கியில் ஆண்டுக்கு ஒன்பது விழுக்காட்டில் நகைக்கடன் கிடைத்திருந்தால் அவருக்கு 8,500 போதும். ஒரே வாய்க்கால் தண்ணீரில் விளைந்த ஒரே ரக மஞ்சள், ஒரே குடோனில் அடுத்தடுத்து அடுக்கப்பட்டு, ஒருவருக்கு லாபம் தருகிற அதே விலையில் இன்னொருவருக்கு இரண்டாயிரம் ரூபாய் நட்டம் தருகிறது. வண்டின் கதை வேறு: மருந்து வைத்துப் பாதுகாக்காவிட்டால், மேலே பளபளப்பாகத் தெரியும் விரலியைத் தட்டினால் உள்ளிருந்து மாவு கொட்டும்.

இருப்பு வைப்பது இன்று நேற்றுத் தோன்றிய பழக்கமும் அல்ல. சாங்லிக்குப் பக்கத்தில் ஹரிப்பூர் என்ற ஊரில் மண்ணுக்குள் ஆழமான குழி வெட்டி மஞ்சளைக் கொட்டி மூடி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். காற்றுப் புகாததால் வண்டு தொல்லையும் இல்லை. 2005ஆம் ஆண்டு வெள்ளத்தில் அந்தக் குழிகளில் தண்ணீர் புகுந்து, கெடவே கெடாது என்று நம்பியிருந்த சரக்கு கெட்டுப்போனது.

இனி விலை உருவாகும் இடத்துக்கு வருவோம். விற்பனைக்கூடத்தில் ஒவ்வொரு விவசாயியின் குவியலிலிருந்தும் எடுத்த சாம்பிள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். வியாபாரிகள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். கையில் அள்ளி, உதறி, ஒரு விரலியை எடுத்து இரண்டாக ஒடிப்பார்கள். நன்றாகக் காய்ந்த விரலி 'டக்'கென்று ஒடியும்; ஈரம் இருந்தால் வளைந்து கொடுக்கும். ஒடித்த முகத்தில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம் நடுவரை சீராக இருந்தால் ஒரு விலை, வெளிறியோ திட்டுத்திட்டாகவோ இருந்தால் வேறு விலை. பிறகு மற்றவருக்குத் தெரியாமல் அவரவர் விலையைக் குறித்துக் கொடுப்பார்கள். அதில் எது அதிகமோ அது விவசாயிக்குச் சொல்லப்படும்; சம்மதமில்லை என்றால் அவர் மறுக்கலாம். தமிழ்நாட்டின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விவசாயியிடம் தரகு பிடிப்பதில்லை. சந்தைக் கட்டணமான ஒரு விழுக்காட்டையும் வாங்குகிற வியாபாரிதான் கட்ட வேண்டும். பருத்திக்காகத் திருப்பூரில் 1936இல் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்து வந்த ஏற்பாடு இது. தனியார் மண்டியில் முன்பணம் வாங்கிக்கொண்டு, அதே மண்டியில்தான் விற்க வேண்டும் என்ற கட்டுக்குள் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும். ஏல முறையில் நான் குறை காண மாட்டேன். இந்தியாவின் வேளாண் சந்தைகளோடு ஒப்பிட்டால் ஈரோட்டு மஞ்சள் ஏலம் நேர்மையானது என்றே சொல்வேன்.

ஆனால் அந்த ஒடித்துப் பார்க்கும் பரிசோதனைக்கு ஓர் எல்லை உண்டு. மருந்து நிறுவனங்களும் ஏற்றுமதியாளர்களும் பணம் கொடுப்பது மஞ்சளின் மருத்துவ குணத்துக்குக் காரணமான குர்குமின் என்ற வேதிப்பொருளின் அளவுக்கு. விற்பனைக்கூடத்தில் விவசாயிக்குக் கிடைப்பதோ கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கான விலை. நிறத்துக்கு மட்டும் பணம் கொடுக்கிற சந்தை எங்கே போய் நிற்கும் என்பதற்கு வங்கதேசம் சான்று. அங்கே 1980களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளுக்கு மெருகேற்றக் காரீயக் குரோமேட் என்ற நச்சு மஞ்சள் நிறமியைப் பூசத் தொடங்கிய பழக்கம், வெள்ளம் வடிந்த பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் இருந்த இந்தக் கலப்படத்தை, அரசின் கடும் நடவடிக்கையால் 2021க்குள் இல்லாமலே ஆக்கினார்கள். ஈரோட்டில் அப்படி நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. எதற்கு விலை எழுதப்படுகிறதோ அதைத்தான் சந்தை உற்பத்தி செய்யும். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்கென்று ஏலத்தில் ஒரு ரூபாயாவது கூடுதலாகக் குறிக்கப்பட்டதை நான் கண்டதில்லை.

விலையைப் பற்றிய தகவலில் இன்று குறையேதும் இல்லை. பின்னொரு நாள் ஒப்படைக்கப் போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் என்சிடிஇஎக்ஸ் முன்பேரச் சந்தையின் மஞ்சள் விலை ஒவ்வொரு விவசாயியின் கைப்பேசியிலும் நொடிக்கு நொடி ஓடுகிறது. நடவு நேரத்திலேயே அடுத்த ஆண்டு விலையை ஓரளவு உறுதி செய்துகொள்ளத்தான் முன்பேரம் என்பது ஏட்டுக் கணக்கு. அங்கே ஒரு ஒப்பந்தம் ஐந்து டன், அதாவது ஐம்பது குவிண்டால். ஏக்கருக்கு இருபது, இருபத்தைந்து குவிண்டால் எடுப்பதே நல்ல விளைச்சலாக இருக்கும்போது, ஓர் ஏக்கர்காரருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. அதற்கான வைப்புத்தொகை, நாள்தோறும் விலை மாறும்போது கட்ட வேண்டிய கூடுதல் தொகை, முதன்மை ஒப்படைப்பு மையம் நிஜாமாபாத் என்கிற தொலைவு எல்லாம் சேர்ந்தால் இரண்டு ஏக்கர்காரருக்கும் அதே நிலைதான். ஆகவே முன்பேர விலையைப் பார்த்து விவசாயி செய்வதெல்லாம், இன்று விற்கலாமா நாளை விற்கலாமா என்று மனதை அலைக்கழித்துக்கொள்வதுதான்.

தகவலில் உண்மையான இடைவெளி இருப்பு பற்றியது. பெரிய வியாபாரிகள் ஆடி, ஆவணியிலேயே மகாராஷ்டிரத்தின் மராத்வாடா பகுதிக்கும் தெலங்கானாவுக்கும் ஆள் அனுப்பிக் காடு காடாகப் பார்த்து நடவுப் பரப்பைக் கணித்துவிடுவார்கள். குடோன்களில் எவ்வளவு பழைய மஞ்சள் கிடக்கிறது என்பதும் அவர்களுக்கு ஏறக்குறையத் தெரியும். விவசாயிக்குத் தெரிவது தன் மூட்டையும் பக்கத்து வீட்டு மூட்டையும். ஏலம் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், காத்திருக்கலாமா கூடாதா என்ற முடிவை எடுக்க வேண்டிய தகவல் ஏல அறைக்கு வெளியேதான் இருக்கிறது. குடோன்களில் உள்ள மஞ்சள் இருப்பை மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்று மட்டும் ஓர் அரசாணை வந்தால், அது ஆதரவு விலையைவிட அதிகப் பயன் தரும் என்று சொல்வேன். இதை எங்கள் ஊர் டீக்கடையில் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அவர்கள் ஒப்புக்கொள்ளாததற்கும் காரணம் இருக்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் மஞ்சள் இல்லை. விலை விழும்போது கைகொடுக்கச் சந்தைத் தலையீட்டுத் திட்டம் ஒன்று உண்டு. முந்தைய இயல்பான ஆண்டைவிட விலை பத்து விழுக்காடாவது இறங்கியிருக்க வேண்டும், மாநில அரசு கேட்க வேண்டும், நட்டத்தில் பாதியை ஏற்க வேண்டும். இவ்வளவும் கூடிவருவதற்குள் அவசரத்தில் இருப்பவர் விற்று முடித்திருப்பார். மஞ்சள் விவசாயிகளின் கோபம் வாக்குச்சீட்டில் ஏறியது இப்படித்தான். 2019 மக்களவைத் தேர்தலில் நிஜாமாபாத் தொகுதியில் மஞ்சளுக்கும் சிவப்புச் சோளத்துக்கும் நியாயவிலை கேட்டு 178 விவசாயிகள் போட்டியிட்டார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள் என்பதால் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் 12 வாக்குப்பதிவுப் பெட்டிகளை இணைத்து வைக்க வேண்டியிருந்தது. ஈரோட்டுக்காரர்களுக்கு அதைப் படித்தபோது பழைய நினைவு வந்திருக்கும். 1996 சட்டமன்றத் தேர்தலில், காலிங்கராயன் பாசனமும் மஞ்சள் காடுகளும் நிறைந்த மொடக்குறிச்சியில், விவசாயிகளின் எதிர்ப்பாக 1,033 பேர் நின்று, வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சடிக்க வைத்தார்கள்.

நிஜாமாபாத்தின் கோரிக்கைக்குப் பலன் கிடைத்தது. தேசிய மஞ்சள் வாரியம் 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2025 ஜனவரி 14 அன்று நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிவைக்கப்பட்டது. வாரியத்தின் அறிவிப்புகளில் ஏற்றுமதிக்கே முதலிடம்: 2030க்குள் ஏற்றுமதியை நூறு கோடி டாலராக்குவது இலக்கு. 2023–24இல் ஏற்றுமதியானது 1.62 லட்சம் டன், மதிப்பு 22.65 கோடி டாலர். விளைச்சலில் ஆறில் ஒரு பங்குகூட வெளியே போகாத பயிருக்கு ஏற்றுமதியைப் பெருக்குவது நல்லதுதான். ஆனால் மீதி ஐந்து பங்குக்கு மேல் உள்நாட்டிலேயே விற்கிறது, அதன் விலையைத் தீர்மானிப்பது யாரால் எவ்வளவு காலம் காத்திருக்க முடிகிறது என்பது.

காத்திருப்பதை மலிவாக்க ஏற்பாடு இல்லாமலும் இல்லை. விற்பனைக்கூடக் குடோனில் மூட்டையை வைத்துவிட்டு, அதன் மதிப்பில் முக்கால் பங்கு வரை குறைந்த வட்டியில் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். வெளிவட்டிக்குப் போகாமல் தடுத்ததில் இந்தக் கடனுக்குப் பெரும் பங்குண்டு. இதற்கு உச்சவரம்பும் தவணையும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டு நீளும் மஞ்சள் சரிவுக்கு அந்த மாதக்கணக்குத் தவணை எட்டாது. பதிவு பெற்ற கிடங்கில் வைத்து, அதன் ரசீதின் பேரில் வங்கியில் கடன் வாங்கும் வழி 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்தது. அது பெரிய தொகைக்கு உதவும், ஆனால் அதிலும் ஒரு சிக்கல். பதினாறாயிரம் விற்கும் நாளில் முக்கால் பங்காகப் பன்னிரண்டாயிரம் கடன் வாங்கியவரின் சரக்கு, பதின்மூன்றாயிரத்துக்கு இறங்கினால், வட்டியோடு சேர்த்துக் கடனை அது ஈடுகட்டுமா என்று வங்கிக்குக் கவலை வந்துவிடும். ஒன்று வித்தியாசத்தைக் கட்டுங்கள், இல்லையென்றால் விற்றுக் கணக்கை முடியுங்கள் என்று கடிதம் வரும். 2024இல் உச்சத்தைத் தொட்ட விலை அந்த ஆண்டின் கடைசிக்குள் சில ஆயிரங்கள் இறங்கியபோது, இறங்கும் சந்தையில் விற்கக் கூடாது என்பதற்காகவே கடன் வாங்கியவர்கள் அந்தக் கடனுக்காகவே இறங்கும் சந்தையில் விற்க வேண்டிய நிலைக்கு வந்தார்கள். கடனோடு சேர்த்து ஒரு விற்பனை உரிமை ஒப்பந்தமும் இருந்து, குறிப்பிட்ட விலைக்குக் கீழே போனால் அந்த இழப்பை அது ஏற்கும் என்றால் வங்கி கடிதம் அனுப்பத் தேவையிருக்காது. அதற்கான கட்டணத்தை யார் கட்டுவது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பத்துப் பதினைந்து பேரின் சரக்கைச் சேர்த்து ஐந்து டன்னாக்கி அதை வாங்க முடியுமா என்பதுதான் இப்போது எங்கள் பக்கத்தில் சிலர் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் விஷயம். மாமா அந்தக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, கட்டணம் குவிண்டாலுக்கு எவ்வளவு வரும் என்பதை மட்டும் கேட்டுச் சொல்லும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்.